பிளக்கைப் பிடுங்கிவிட்டு விலை பேசுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேம் மெஷின் பற்றியவை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், வெளியே ஸ்டியரிங்கோ துப்பாக்கியோ, காசு போட்டு ஆடும் ஆள் உயரப் பெட்டி. பெரிய மால்கள் கழித்துக்கட்டியதெல்லாம் வடசென்னையில் வீட்டு முன்னறைக்கும் கேரம் கிளப் ஓரத்துக்கும் வந்து சேர்கிறது போலிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டு முன்னறையில் பழைய கார் ரேஸ் மெஷின் வைத்திருக்கிறேன். விலை 85,000 ரூபாய். ஐந்து மாதம் நன்றாக ஓடியது. மழைக்குப் பயந்து ஒரு மாதம் பிளக்கைக் கழற்றி மூடி வைத்தேன். இப்போது சுவிட்சைப் போட்டால் மேலே பெயர்ப்பலகை விளக்கு எரிகிறது, ஸ்டியரிங் விளக்கும் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டு போச்சு, 14,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?
(தண்டையார்பேட்டை)

பதில்: கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம்.

விளக்கு எரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல மெஷின்களில் விளக்குகளுக்கு ஒரு பவர் சப்ளை, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று தனியாக ஒரு பவர் சப்ளைப் பெட்டி. பின்கதவைத் திறந்து கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். மானிட்டர் பழைய படக்குழாய் வகையாக இருந்தால் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுற்றவே இல்லை என்றால், ஒரு மாதம் பிளக் கழற்றி வைத்தீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர்.2032, 3 வோல்ட். பிளக் மாட்டியிருக்கும் வரை அந்தப் பேட்டரிக்குப் பெரிய வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் போர்டின் செட்டிங் எல்லாவற்றையும் அது ஒன்றுதான் காப்பாற்ற வேண்டும். பழைய பேட்டரி ஒரு மாதம் தாங்காது. செட்டிங் அழிந்துவிடும். உங்கள் மெஷினில் வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி முன்னால் பவர் பட்டன் உண்டா? கிடையாது. மின்சாரம் வந்ததும் தானே எழுந்துகொள் என்று போர்டில் ஒரு செட்டிங் போட்டிருப்பார்கள். அது அழிந்தால், எவ்வளவு மின்சாரம் வந்தாலும் யாராவது பட்டனை அமுக்குவார்கள் என்று போர்டு சும்மா காத்திருக்கும். போர்டு செத்துவிட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

சோதனை எளிது. கம்ப்யூட்டர் பெட்டியிலேயே சின்ன பட்டன் இருந்தால் அமுக்குங்கள். இல்லாவிட்டால் போர்டில் பவர் சுவிட்சுக்கு என்று இருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட வேண்டும். எந்த ஊசி என்று தெரிந்தவர் தொடட்டும். எழுந்துகொண்டால் பேட்டரிதான். ஐம்பது ரூபாய்க்குள் முடியும் வேலை.

பேட்டரி மாற்றியதோடு வேலை முடியாது. ஒரு கீபோர்டை மாட்டி செட்டிங்குக்குள் போய் நான்கு விஷயம் பாருங்கள். மின்சாரம் வந்ததும் எழும் செட்டிங் ஒன்று. 'பிழை இருந்தால் நில்' என்பதை 'எதற்கும் நிற்காதே' என்று மாற்றுவது இன்னொன்று. இல்லாவிட்டால் எஃப்1 அமுக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கும், அமுக்க மெஷினில் வழக்கமாகக் கீபோர்டே இருக்காது. மூன்றாவது, முதலில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும், யூ.எஸ்.பி.யிலிருந்து அல்ல. நான்காவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஹார்ட் டிஸ்க் இணைப்பைக் குறிக்கும் சாட்டா என்ற இடத்தில் முன்பு ஐ.டி.இ. என்று இருந்தது, செட்டிங் அழிந்ததும் ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாறியிருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி மெஷினாக இருந்தால் நீலத்திரை வந்து 7பி என்று முடியும் ஒரு எண்ணைக் காட்டும். உடனே ஹார்ட் டிஸ்க் போச்சு என்று அதற்கும் ஒரு பில் போடுவார்கள். எல்லாம் சரியானதும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கதை வேறு. ராம் என்ற நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்கள், உப்புக்காற்று அதைச் சும்மா விடாது. கிராபிக்ஸ் கார்டையும் ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பிறகு மெஷினின் மானிட்டரை விட்டுவிட்டு வீட்டு மானிட்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். பழைய கேம் மெஷின்களில் வரும் 15 கிலோஹெர்ட்ஸ் வகை மானிட்டரில் கம்ப்யூட்டரின் ஆரம்பத் திரை தெரியவே தெரியாது, பிழைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தாலும் நமக்குக் கறுப்புதான். போர்டில் பிஸ்கட் அளவு ஸ்பீக்கரை மாட்டினால் அதுவே பேசும். போர்டைக் கிளப்பும் சாஃப்ட்வேரான பயாஸ் அவார்டு வகையாக இருந்து, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு சத்தம் வந்தால் கிராபிக்ஸ் பக்கம் கோளாறு.

இவ்வளவும் பார்த்து, வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டியும் பார்த்து, அதற்கு அப்புறமும் எழவில்லை என்றால் மதர்போர்டு பற்றிப் பேசலாம். அப்போதும் 'ஏதோ ஒரு போர்டு' உதவாது. கேம் கம்பெனியான டைட்டோ 2004-இல் கொண்டுவந்த 'டைப் எக்ஸ்' போர்டு விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடெடில் ஓடுவது, இன்னொரு கேம் கம்பெனியான சேகா 2005-இல் கொண்டுவந்த 'லிண்ட்பெர்க்' போர்டு பென்டியம் 4 வைத்து லினக்ஸில் ஓடுவது. அந்த சாஃப்ட்வேர் அந்தந்தப் போர்டுக்கென்றே தைத்த சட்டை. வேறு போர்டை மாட்டினால், கோளாறே இல்லாத ஹார்ட் டிஸ்க்கும் கிளம்பாது. உங்கள் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தாரா? அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

கேள்வி: வோல்டேஜ் குறைவாக வருகிறதே என்று எஸ்.எம்.பி.எஸ். பின்னால் 230 என்று இருந்த சிவப்புச் சுவிட்சை 115-க்குத் தள்ளினேன். டப் என்று சத்தம். இப்போது மெஷின் எழவில்லை. என்ன காரணம்?
(திருவொற்றியூர்)

பதில்: நீங்கள். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள், போர்டு தப்பித்திருக்கலாம். அந்தச் சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள், வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வையுங்கள்.

கேள்வி: விற்பவர் இடத்துக்குப் போனபோது மெஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நானும் தம்பியும் இரண்டு ஆட்டம் ஆடினோம். 60,000 கொடுத்து, குட்டி யானையில் ஏற்றி வியாசர்பாடி கொண்டுவந்தோம். இங்கே எழவே இல்லை. 'ஓடுறதைப் பார்த்துத்தானே வாங்கினீங்க' என்கிறார்.
(வியாசர்பாடி)

பதில்: முதலில் ஆறுதல். நம் ஊர் ரோட்டில் குட்டி யானைப் பயணம் என்றால் கார்டும் ராமும் கழன்று நிற்பது சகஜம். மேலே சொன்ன ரப்பர் வேலையைச் செய்துவிட்டு, எல்லா ஒயரையும் அழுத்தி மாட்டுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

ஆகாவிட்டால், உங்களை ஏமாற்றிய வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் தப்பிக்க முடியாது, கேளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் எதையும் ஓட்டத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. பழைய பொருளுக்குக் கஷ்டமே கிளம்புவதில்தான். தேய்ந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கெபாசிட்டர் சூட்டில் சமாளிக்கும், ஆறிப்போனால் கைவிடும். வயதான ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும் வரை சுற்றும், நின்றால் மறுபடி சுற்ற மாட்டேன் என்று அடம் பிடிக்கும். செத்த பேட்டரியோ பிளக் மாட்டியிருக்கும் வரை வெளியே தெரியவே தெரியாது. இந்த மூன்றும் விற்பவருக்குத் தெரியும். அதனால் நீங்கள் போகும் முன்பே எப்படியோ எழுப்பி வைத்திருப்பார். வரவேற்பு மாதிரி இருக்கும், உண்மையில் அது கோளாறை மறைக்கும் திரைச்சீலை.

நான் மட்டும் யோக்கியமா? மூலக்கடைப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். நான் போய்ச் சேரும்போதே ஓடிக்கொண்டிருந்தது. 'இப்பதான் சார் சர்வீஸ் பண்ணோம்' என்றார். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது, நல்ல உழைப்பாளி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கியது. அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய ஃபிரிட்ஜ். திறந்தால் ஐஸ் கட்டியாய் இருந்தது. அந்த ஐஸ் எந்த ஃபிரிட்ஜில் உறைந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரே பாடத்துக்கு இரண்டு முறை ஃபீஸ் கட்டியவன் நான்.

ஆகவே, போய் நின்றதும் முதல் வார்த்தை 'ஆஃப் பண்ணுங்க'. சுவிட்ச் போதாது, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். வெளியே போய் டீ குடித்துவிட்டு, பழைய பேச்செல்லாம் பேசி, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். பிளக்கை நீங்களே மாட்டுங்கள். யாரும் பின்கதவுக்குள் கை விடக்கூடாது. அது தானாக எழுந்து விளையாட்டுத் திரை வரை வந்தால் அப்புறம் விலை பேசலாம். 'அடிக்கடி ஆஃப் பண்ணக்கூடாது சார், கெட்டுடும்' என்று சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: மெஷினோடு வந்த பென்டிரைவ் மாதிரி ஒரு துண்டைப் பையன் பிடுங்கிப் பாட்டு ஏற்றலாம் என்று பார்த்தான். இப்போது அது தொலைந்துவிட்டது. கேம் பாதியில் நிற்கிறது. வெறும் பென்டிரைவ் போட்டால் ஓடுமா?
(கொருக்குப்பேட்டை)

பதில்: ஓடாது. அது டாங்கிள், அந்த விளையாட்டின் சாவி. வீட்டைத் தேடுங்கள். சோபா இடுக்கு, பள்ளிக்கூடப் பை, துவைக்கப் போட்ட பேன்ட்.

கேள்வி: கணவர் இல்லை. மகளிர் குழுக் கடனில் இரண்டு கேம் மெஷின் வாங்கி நானே கடை நடத்துகிறேன். பழைய மெஷின் விற்பதையே தொழிலாகச் செய்பவர் கொடுத்தார், இரண்டும் 1,10,000. மூன்றாம் நாள் ஒன்று எழவில்லை. பில் தரவில்லை, பணம் போன் மூலம் அனுப்பினேன். 'நீ வியாபாரத்துக்கு வாங்கின, கன்ஸ்யூமர் கோர்ட்டுல உன் கேஸை எடுக்கவே மாட்டாங்க' என்று சிரிக்கிறார்.
(காசிமேடு)

பதில்: அம்மா, அவர் பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மை. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதே இடத்தில் ஒரு விளக்கமும் இருக்கிறது: தன் பிழைப்புக்காக, சுயதொழில் செய்ய மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபாரக் கணக்கில் வராது. கடையில் நீங்களே உட்காருகிறீர்கள், குழுக் கடனில் வாங்கியிருக்கிறீர்கள். மனுவில் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பில் இல்லையே என்று பயப்படாதீர்கள். பணம் போன கணக்கு விவரம், அவர் வாட்ஸ்அப்பில் பேசியது, மெஷினின் படம், எழாமல் நிற்கும் வீடியோ எல்லாம் சாட்சி. பில் தராதது அவர் மேல் இன்னொரு குற்றச்சாட்டு. முதலில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதித் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல வியாபாரிகள் இதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள்.

அதுவரை யாரையும் அந்த மெஷினைப் பிரிக்க விடாதீர்கள், விற்றவரின் ஆளைக்கூட. 'இவங்கதான் கழட்டிக் கெடுத்தாங்க' என்று பேச்சு மாறிவிடும்.

கேள்வி: மெஷின் நன்றாக ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மட்டும் டக் டக் என்று சத்தம். விட்டுவிடலாமா?
(பெரம்பூர்)

பதில்: இன்றைக்கே நகல் எடுங்கள். ஃபைலை இழுத்து ஒட்டுவது நகல் ஆகாது. டிஸ்க்கை முழுசாக, ஒரு துணுக்கும் விடாமல் அப்படியே இன்னொன்றுக்குக் குளோன் செய்ய வேண்டும். சில கம்பெனி மெஷின்களில் ஹார்ட் டிஸ்க்கையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருப்பார்கள், அதில் இந்த வேலை நடக்காது. நகல் ஓடுகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகே பழையதை அலமாரியில் வையுங்கள். அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் டெல்லிக்காரர் ஒருவர் 40,000-க்குப் புது மெஷின் என்று படம் அனுப்பினார். அட்வான்ஸ் 20,000 போட்டேன். பிறகு லாரி வாடகை, இன்சூரன்ஸ் என்று இன்னும் 12,000. இப்போது போனை எடுக்கவில்லை.
(ராயபுரம்)

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1930-க்குப் போன் போடுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பேங்குக்கும் எழுதிக் கொடுங்கள். முதல் 20,000-க்கு உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, கெட்டிக்காரர்களே விழுகிறார்கள். அந்த 12,000-க்கு மட்டும் கொஞ்சம் திட்டலாமா?

கேள்வி: மெஷின் எழுகிறது, எல்லாம் சரி. ஐந்து ரூபாய்க் காசு போட்டால் சில சமயம் ஏற்கிறது, சில சமயம் துப்புகிறது. கோளாறா?
(புளியந்தோப்பு)

பதில்: மெஷினில் இல்லை. காசு வாங்கும் கருவிக்குள் மாதிரிக்கு ஒரு காசு செருகியிருக்கும். போடும் காசை அதோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடும். நம் ஊரில் ஐந்து ரூபாய்க் காசு தடியாக ஒன்று, மெலிசாக ஒன்று என்று எத்தனை விதம் புழங்குகிறது, கல்லாவைத் திறந்து பாருங்கள். டோக்கனுக்கு மாறிவிடுங்கள், மாதிரியாகவும் ஒரு டோக்கனையே செருகுங்கள்.