பட்டை காட்டும் தேதியை நம்பலாமா?

கேள்வி: வக்கீல் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரின் செக் பவுன்ஸ் வழக்கு. எதிர்க்கட்சிக்காரர் நோட்டீஸை வாங்கியது ஜனவரி 31. புகார் தாக்கல் செய்ய மார்ச் 18 வரை நேரம் இருப்பதாக வழக்குத் தேதிகளைக் காட்டும் மென்பொருளின் காலக்கோட்டில் பட்டை நீள்கிறது. சீனியர் மார்ச் 16தான் கடைசி என்கிறார். எது சரி?
— வாசகி, ராமேசுவரம்

பதில்: சீனியர் சொல்வதுதான் சரி. 16-ஐத் தாண்ட விடாதீர்கள்.

நோட்டீஸ் வாங்கிய நாளைக் கழித்துவிட்டு 15 நாள் எண்ணினால் பிப்ரவரி 15. அதற்குள் பணம் வராவிட்டால் 16-ஆம் தேதி வழக்குமூலம் (வழக்குப் போடும் உரிமை) பிறக்கிறது. அங்கிருந்து ஒரு மாதம். வழக்குமூலம் பிறந்த நாளைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லி, 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்துவிட்டது. ஆக, பிப்ரவரி 17 முதல் மார்ச் 16 வரை.

மென்பொருள் எங்கே தவறியது? 'ஒரு மாதம்' என்ற இடத்தில் யாரோ '30 நாள்' என்று பதிந்திருக்கிறார்கள். பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் பட்டை இரண்டு நாள் கூடுதலாக ஓடிவிட்டது. இதுவே 31 நாள் மாதமாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே முடியும். அதில் கெடுதல் இல்லை. பிப்ரவரிதான் ஆளைக் கவிழ்க்கும். தாமதித்தால் போதிய காரணம் காட்டி மன்னிப்பு மனு போட வேண்டியிருக்கும். கட்சிக்காரரின் பணம் அந்த இரண்டு நாளில் தொங்கக் கூடாது.

அமைப்பில் அந்தக் கெடுவை '1 மாதம்' என்று மாற்றுங்கள். ஆனால் செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்ததும் நோட்டீஸ் அனுப்ப உள்ள கெடு 30 நாளேதான், அதைத் தொடாதீர்கள். ஒரே சட்டத்தில் நாளும் உண்டு, மாதமும் உண்டு.

அடுத்து, பட்டையின் இடது முனையைக் கிளிக் செய்து பாருங்கள். 15 நாள் பட்டை நோட்டீஸ் அனுப்பிய தேதியில் தொடங்கினால் மொத்தமும் பிழை. ஒப்புகை அட்டையில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதிதான் வேண்டும். 04/03 என்று அடித்ததை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டதா, ஏப்ரல் 3 என்றா என்பதையும் பாருங்கள். மாதக் காட்சியில் இரண்டு நாள் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நாள் காட்சிக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள்.

கேள்வி: மென்பொருளின் காலக்கோட்டில் வாய்தாப் புள்ளிகள் ஒரே நாளில் குவிந்து கிடக்கின்றன. பிறகு நாலு மாதம் வெறுமை. வழக்கு நின்றுவிட்டதா?
— வாசகர், தொண்டி

பதில்: குவியல் என்றால், மூன்று நான்கு வாய்தாக்களை ஒரே நாளில் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்கள், காலக்கோடு வாய்தா நிகழ்ந்த தேதியை விட்டுவிட்டு, பதிந்த தேதியை எடுத்துக்கொண்டது. வெறுமைக்குப் பெரும்பாலும் அடுத்த வாய்தாவை யாரும் ஏற்றாததுதான் காரணம். கோர்ட் வழக்கு விவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, அங்குள்ள வாய்தாப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அங்கேயும் வெறுமைதான் என்றால் மேல் கோர்ட்டில் தடை இருக்கிறதா, சம்மன் திரும்பாமல் கிடக்கிறதா என்று கோர்ட் ஆபீஸில் கேளுங்கள்.