அவரிஷஸ், கவட்டஸ்: எங்கே எதைப் போடுவது?

கேள்வி: அவரிஷஸ் (avaricious), கவட்டஸ் (covetous) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் ‘பேராசை கொண்ட’ என்றே இருக்கிறது. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எதை எழுதுவது?

பதில்: அகராதி சொல்வது தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. வாக்கியத்தைப் படித்ததும் ‘பொருள் யாருடையது?’ என்று கேட்டுப் பாருங்கள். இன்னொருவர் பொருள்மேல் ஒருவர் கண் வைத்தால் அவர் கவட்டஸ். பக்கத்து இருக்கைக்காரரின் புதுக் கேமராவை வேலையை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தப் பார்வை. அவரிஷஸ் ஆசாமிக்கு அடுத்தவர் என்று ஒருவர் தேவையே இல்லை. அவருக்குப் பணம்தான் குறி. வாடகையும் வட்டியும் கொட்டினாலும், வேலையாள் சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடும் முதலாளி அவர்.

தமிழில் கவட்டஸுக்குக் கச்சிதமான சொல் உண்டு. திருக்குறளின் 18ஆம் அதிகாரம் வெஃகாமை, அதாவது பிறர் பொருளை விரும்பாதிருத்தல். அந்த வெஃகுதல்தான் கவட்டஸ். அதற்கு முந்தைய அதிகாரம் அழுக்காறாமை. அழுக்காறு, அதாவது பொறாமை, என்பது என்வியஸ் (envious). கவட்டஸையும் என்வியஸையும் குழப்பிக்கொள்வது சுலபம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ‘அவனுக்கு இருக்கிறதே’ என்று வயிறு எரிந்தால் என்வியஸ், ‘அது எனக்கு வேண்டும்’ என்று மனம் தாவினால் கவட்டஸ். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

கடுமையிலும் வித்தியாசம் உண்டு. அவரிஷஸ் என்றால் அது வசைதான். கவட்டஸை நண்பரிடம் விளையாட்டாகக்கூடச் சொல்லலாம். இதன் வினைச்சொல் கவட். அதிலிருந்து வரும் கவட்டட் பெரும்பாலும் பெருமைக்குரிய சொல். பலரும் ஏங்கும் விருதைக் கவட்டட் அவார்டு என்பார்கள். அவரிஷஸுக்கு அவரிஸ் என்ற பெயர்ச்சொல் உண்டு, வினை கிடையாது.

இலக்கணக் குறிப்பும் ஒன்று: கவட்டஸுக்குப் பின்னால் ‘ஆஃப்’ போட்டு, ஆசைப்படும் பொருளைச் சொல்வது வழக்கம். கோடிட்ட இடத்தை அடுத்து ‘ஆஃப்’ இருந்தால் முதலில் கவட்டஸைப் பொருத்திப் பாருங்கள். உச்சரிக்கும்போது அவரிஷஸில் வரும் ‘ஷஸ்’ ஒலியைக் கவட்டஸின் கடைசியில் ஒட்டிவிட வேண்டாம்.

அப்புறம், சாப்பாட்டு ஆசைக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. அங்கே க்ரீடி போதும்.