நோட்டில் அம்மா பெயர் மட்டும்தான் இருந்தது

"இத்தனை சட்டம் இருந்தும் குழந்தைத் தொழிலாளர் முறை ஏன் ஒழியவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாத்தூர் பக்கத்துக் கிராமத்துக்காரன். கண்ணால் பார்த்த தீப்பெட்டித் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து (எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) பெட்டி ஒட்டச் சாமான் வீட்டுக்கே வரும். கூலி நாள் கணக்கு இல்லை, குரோஸ் கணக்கு. 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். அம்மா தாளில் பசை தடவித் தள்ளுவார், அக்கா மடித்து ஒட்டுவாள், நான் காயவைத்து எண்ணி அடுக்குவேன். பசை காய்ந்து விரல் நுனியில் தோல் மாதிரி உரியும். மூன்று பேர் உழைப்பு, ஆனால் நோட்டில் அம்மா பெயர் மட்டும்தான் இருந்தது. அவர் ஒருவராக ஒட்டியிருந்தால் அந்தக் கூலிக்கு ஒரு வேளைக் கஞ்சிகூடத் தேறாது. பிள்ளைகளின் கையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்த ரேட் அது.

பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கக் கூடாது என்று 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, தாத்தாவின் காரியச் செலவுக்கு அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கினார். அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. விடியும் முன்பே வண்டி வரும். தூக்கக் கலக்கத்திலேயே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டகத்தில் வரிசையாக அடுக்க, ஆபீஸுக்குப் போவாள். கையெழுத்துப் போட்ட பத்திரம் எதுவும் கிடையாது. வாங்கிய கடன்தான் அவளைக் கட்டிப்போட்டது.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை போட்டது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. சிவகாசியை முன்வைத்து நடந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க அரசு பார்க்க வேண்டும் என்றது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. பிள்ளையை மீட்டால் அந்த வீட்டு வருமானத்தில் விழும் ஓட்டையை அது பார்த்தது. பெரியவருக்கு வேலை என்ற பகுதி மட்டும், எங்கள் ஊரில் யாருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

2016-ல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்றார்கள். முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 50,000 வரை அபராதம். நல்லதுதான். ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று அதே விலக்கு மறுபடியும் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் நடப்பது உதவியா கூலிவேலையா என்று எந்த ஆய்வாளர் வந்து பார்ப்பார்? குரோஸ் கணக்கு நோட்டில் பிள்ளைக்குப் பெயரே கிடையாதே.

குறையவில்லை என்று சொல்ல மாட்டேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை 1.26 கோடியாக இருந்தது, 2011-ல் 1.01 கோடியானது. எங்கள் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது, ரெய்டை விட, 1982-ல் வந்த சத்துணவு. அப்புறம் மெஷின் வந்தது.

ஆனால் கொரோனாவில் பள்ளியை மூடியபோது எல்லாம் ஆட்டம் கண்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறக்கவே 2021 நவம்பர் ஆகிவிட்டது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்த இடைவெளியில் பலசரக்குக் கடைக்குப் போனான். அவன் அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. பள்ளி திறந்ததும் கூப்பிடப் போனேன். கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. "அவனுக்குப் பதினாலு முடிஞ்சிருச்சுண்ணே, இனி தப்பில்லையாம்" என்றார் அவன் அம்மா. அவன் உள்ளே சீனி நிறுத்துக்கொண்டிருந்தான்.