சேபா தீவின் ‘தி பாட்டம்’: எந்த நாடு, எப்படிப் போவது?

கேள்வி: மகள் மருத்துவம் படிக்க கரீபியனில் உள்ள தி பாட்டம் என்ற ஊருக்குப் போகிறாள். படிவங்களில் நாடு என்று எதை எழுதுவது? எந்த வழியாகப் போக வேண்டும்?

பதில்: தி பாட்டம், சேபா தீவின் தலைநகர். தீவின் பரப்பே 13 சதுர கி.மீ.தான், மக்கள் சுமார் 2,000 பேர். நாடு என்ற இடத்தில் ‘கரீபியன் நெதர்லாந்து’ என்று எழுதுங்கள். இரண்டெழுத்துக் குறியீடு கேட்டால் ‘பி, கியூ’. பழைய படிவங்களில் ‘நெதர்லாந்து அன்டிலீஸ்’ என்றிருக்கும். அந்த அமைப்பு 10.10.2010 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது, அதைத் தேர்வு செய்யாதீர்கள். பார்சல் அனுப்பும்போது தீவின் பெயரை மட்டும் எழுதினால் மலேசியாவின் சபா மாநிலத்தோடு குழம்பும். ஊர், தீவு, நாடு மூன்றும் இருக்கட்டும்.

விசாவில்தான் பலர் தவறுகிறார்கள். நெதர்லாந்தின் பகுதி என்றாலும் சேபா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. குறுகிய காலம் தங்க ‘கரீபியன் விசா’ என்று தனியாக உண்டு. படிப்புக்காகத் தங்க அதுவும் போதாது, கரீபியன் நெதர்லாந்தின் குடியேற்றத் துறையிடம் வசிப்பு அனுமதி பெற வேண்டும். கல்லூரி தரும் வழிகாட்டலைக் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள்.

வழக்கமான பாதை பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டன் வழியாகத்தான். அங்கிருந்து சிறிய ட்வின் ஆட்டர் விமானம் கால் மணி நேரத்தில் சேபாவில் இறங்கிவிடும். சேபாவின் ஓடுபாதை சுமார் 400 மீட்டர்தான். இரு முனைகளும் கடலை நோக்கிய பாறை விளிம்புகள். பெரிய விமானம் எதுவும் இறங்க முடியாது. பலத்த காற்றடித்தால் பயணம் ரத்தாகும், எடை வரம்பால் கூடுதல் பெட்டி பின்தங்கவும் கூடும். அதனால் சின்ட் மார்ட்டனில் ஓர் இரவு தங்குவதுபோலத் திட்டமிடுவதே நல்லது. சான்றிதழ்களும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். படகும் உண்டு, சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். குமட்டல் வருபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் தீவின் வடகிழக்கு மூலையில், ஊரோ தென்மேற்கில், கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. இடையில் கொண்டையூசி வளைவுகள் நிறைந்த ஒரே சாலை. டாக்சியை முன்பே சொல்லிவையுங்கள். படகில் வந்தால் ஃபோர்ட் பே துறைமுகம் ஊருக்கு மிக அருகே, செங்குத்தான ஏற்றம் மட்டும்தான்.

புழக்கத்தில் இருப்பது யூரோ அல்ல, அமெரிக்க டாலர். மின்சாரம் 110 வோல்ட் என்பதால் நம்மூர் 230 வோல்ட் குக்கர், இஸ்திரிப்பெட்டி அங்கே சரியாகச் சூடேறாது. லேப்டாப், செல்போன் சார்ஜர்களுக்கு பிளக் மாற்றி போதும். அங்கே காலை 8 மணி என்றால் இந்தியாவில் மாலை 5.30. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அந்த மாதங்களில் தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.