வணிக அறம் வகுப்பில் திரைப்படம்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (எம்.பி.ஏ. விரிவுரையாளர், கோவை): ஐயா, பருவத்துக்கு ஒரு படம்தான் காட்ட முடியும். எதைக் காட்டலாம்?

பதில்: 2011இல் வெளியான ‘மார்ஜின் கால்’. பெரும்பகுதி ஒரே இரவில் ஒரு முதலீட்டு வங்கிக்குள் நடக்கிறது. வேலைநீக்கம் செய்யப்பட்ட அதிகாரி விட்டுச்சென்ற கணக்கை இளம் ஊழியர் ஒருவர் முடித்துப் பார்க்கிறார். கையிருப்பில் உள்ள, வீட்டுக்கடன்களை அடிப்படையாகக் கொண்ட முதலீட்டுப் பத்திரங்கள் நிறுவனத்தையே கவிழ்த்துவிடும் என்று தெரிகிறது. விடிந்ததும் அவற்றை, விவரம் அறியாதவர்கள் தலையில் கட்டிவிட மேலிடம் முடிவு செய்கிறது. அது தவறு என்று வாதாடும் விற்பனைத் தலைவரே காலையில் அந்த விற்பனையை முன்நின்று நடத்துகிறார். விலக நினைத்தவர், பணம் தேவைப்படுவதால் வேலையிலும் நீடிக்கிறார். நம் மாணவர்கள் நாளை உட்காரப்போவது அவருடைய நாற்காலியில்தான். கெட்டவன் தண்டனை பெறும் படங்களைவிட இதை நான் உயர்வாக மதிப்பது அதனால்தான். கெட்டவனைப் பார்த்து ‘நான் இப்படி இல்லை’ என்று ஆறுதல்பட்டுக்கொள்வது மிக எளிது.

கேள்வி (வணிகவியல் துறைத் தலைவர், மதுரை): படம் முடிந்ததும் எல்லோரும் ‘நேர்மையே முக்கியம்’ என்று எழுதித் தந்துவிடுகிறார்கள். அதற்குமேல் விவாதம் நகர்வதில்லையே?

பதில்: படத்தை முடிக்காதீர்கள். ‘மார்ஜின் கால்’ என்றால், விற்பதா வேண்டாமா என்று மேலிடம் கூடும் நள்ளிரவுக் கூட்டம் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுங்கள். விற்காவிட்டால் நிறுவனம் போகும், சக ஊழியர்களின் பிழைப்பும் போகும். விற்றால் நம்பி வாங்கியவர் அழிவார். சரியா தவறா என்று கேட்க வேண்டாம். ‘மறுப்பதென்றால் யாரிடம், என்ன சொற்களில் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். பேனா அங்கேதான் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகவே இந்த வகுப்பு. மதிப்பெண்ணை வாதத்தின் தெளிவுக்குக் கொடுங்கள். நல்லவர்போல் எழுதியதற்குக் கொடுத்தால் நடிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

கேள்வி (பகுதிநேர ஆசிரியை, திருச்சி): உண்மைச் சம்பவத்தைத் தழுவிய படம் உண்டா?

பதில்: 1999இல் வந்த ‘தி இன்சைடர்’. பிரவுன் அண்ட் வில்லியம்சன் சிகரெட் நிறுவனத்தின் ஆராய்ச்சித் துணைத் தலைவராக இருந்த ஜெஃப்ரி வைகண்ட், ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை மீறி, சிகரெட் பற்றி நிறுவனம் மறைத்த உண்மையைச் சொன்ன கதை. அவருடைய பேட்டியை, வழக்குக்கு அஞ்சி அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி 1995இல் நிறுத்திவைத்தது. 1996 பிப்ரவரியில்தான் முழுமையாக ஒளிபரப்பியது. சிகரெட் நிறுவனத்தைவிட அந்தத் தொலைக்காட்சியைப் பற்றித்தான் அதிக நேரம் விவாதிக்க வேண்டும் என்பேன். சில காட்சிகள் நாடகத்துக்காகச் சேர்க்கப்பட்டவை. அக்காலப் பத்திரிகைச் செய்திகளையும் கூடவே படிக்கக் கொடுங்கள், அம்மா.

கேள்வி (கல்லூரி முதல்வர், சேலம்): காப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்விப் பணியின் பகுதியாக மாணவர், ஆசிரியர், பெற்றோர் முதலியோருக்கு மட்டும் திரையிட இடம் தருகிறது. பொதுமக்களை அழைத்தால் உரிமம் வாங்க வேண்டும். ஓடிடி சந்தா வழியாகக் காட்டுவதென்றால் அதன் நிபந்தனைகளையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.