வரைபடத்தில் பாட்டியின் லயம்

வணக்கம் ஐயா. போன மாதம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். சுவரில் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட வரைபடம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் பழைய தேயிலை விளம்பரம், கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். அது என் பாட்டி பிறந்த தோட்டம். பங்களாவுக்குப் பெயர் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு ‘கூலி லைன்’ என்று ஒரு சின்னக் கோடு மட்டும். மகள் “அழகா இருக்கு” என்று போட்டோ எடுத்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. நான்தான் கூடுதலாக யோசிக்கிறேனா?
– கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. உங்கள் தொண்டை அடைத்ததற்கு நியாயம் உண்டு. மகள் சொன்னதும் பொய்யில்லை, அந்தக் காலத்து நில அளவையாளர்களின் கை அவ்வளவு சுத்தம். ஆனால் அது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு வரைந்த படம். எந்த மலை எத்தனை ஏக்கர், தண்ணீர் வடியும் கான் எப்படி ஓடுகிறது, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, எவ்வளவு தூரம் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்துவிட்டு மண் ஆறட்டும் என்று விட்டிருந்த காட்டுக்குச் சிங்களக் கிராமத்தவரிடம் உறுதிப் பத்திரம் ஏது? கோப்பிக்காக மரம் விழுமுன்பே அவர்கள் காகிதத்தில் இல்லாமல் போனார்கள். அதே காகிதத்தில்தான் பிறகு தோட்டத்து வேலைக்கு வந்த நம் ஆட்கள் கோடாக வந்து சேர்ந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் பிடிவாதம்.

காலியாக்கிய இடத்துக்கு டன்கெல்ட், ஸ்ட்ராத்ஸ்பே, கிளென்கெய்ன் என்று ஸ்கொட்லாந்துப் பெயர்கள் வந்தன. டிக்கோயாவில் அந்தக் கிளென்கெய்ன் தோட்டத்தில்தான் 1879இல் ஜூலியா மார்கரெட் கெமரன் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது, போய்ப் பாருங்கள். பெரிய புகைப்படக் கலைஞர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டென்னிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கோ ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றுதான் தலைப்பு. அந்த முகங்களை மதிப்போடுதான் எடுத்திருக்கிறார், பார்த்தாலே தெரியும். ஆனாலும் பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை.

விளம்பரப் பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு இல்லை, காலில் கடிக்கும் அட்டை இல்லை, கூடைக் கயிறு தலையில் பதிந்த தழும்பு இல்லை. அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்து வரைபடத்தின் நகலை ஒருமுறை பெரியப்பா முன்னால் விரித்தேன். அவருக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பீலி எங்கடா?” என்றார். லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் அந்தப் பீலி அதில் இல்லை. ஸ்டோரில் விரலை வைத்துக்கொண்டு மெல்ல மேலே நகர்த்தினார். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம், வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா, மாடசாமி கும்பிடும் மரம், மழைக்குக் கால் நிற்காத வழுக்குப் பாறை. விரல் நின்ற இடமெல்லாம் நான் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். ஏழாம் நம்பர் மலைக்கு வந்ததும் விரல் அசையவில்லை. “இங்கதான் எங்க ஆத்தாவப் பொதச்சோம்.” வரைபடத்தில் அது தேயிலை, நேரில் போனாலும் தேயிலைதான். மயானத்தின் மீதே கன்று நட்டுவிட்டார்கள்.

பாட்டி இருக்கிறார்கள்தானே? மகள் எடுத்த போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து அவர்கள் மடியில் வையுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் பீலியைக் கேளுங்கள், மற்றதெல்லாம் அங்கிருந்து வரும். பென்சிலே கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். முதல் தடவை எல்லாரும் திசை மாற்றித்தான் சொல்வார்கள்.

அன்புடன்.