பதினைந்து வருடம் கொட்டகையில் நின்ற மோரிஸ் மைனர்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா வாங்கிய மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவுக் காடி (கார்). 2010லிருந்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. கிராண்ட் (காடியின் உரிமைப் பத்திரம்) அவர் பெயரில்தான் இருக்கிறது. பட்டணத்து மெக்கானிக் ஒருவர், "புது பேட்டரி மாட்டி, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும்" என்கிறார். செய்யலாமா? உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா?

பதில்:

வேண்டாம். பேட்டரி வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அவர் சொல்கிறபடி ஸ்டார்ட் ஆனாலும் ஆகிவிடும். இந்தக் காடியில் இருக்கும் ஏ-சீரீஸ் எஞ்சின் அவ்வளவு உழைப்பாளி. 1951இல் ஆஸ்டின் ஏ30இல் வந்து, 2000 வரை மினியில் ஓடியது. ஆனால் பதினைந்து வருட ஈரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்தால் வளையம் உடையும். வால்வு ஒன்று ஒட்டிக் கிடந்தால் அதைத் தள்ளப் போய் புஷ் ராட் வளையும். அதோடு, ஓடத் தொடங்கிய காடியை யாராவது ஒருவர் தெருமுனை வரை ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். அப்போது பிரேக் இருக்காது.

முதல் நாள் வேலை காடிக்கு அடியில். மைனருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேசிஸ். அதனால் இதைக் காப்பாற்றுவதா விடுவதா என்பதை எஞ்சின் தீர்மானிக்காது, துரு தீர்மானிக்கும். ஒரு டார்ச், பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல் போதும். காடியைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; செங்கல்லையும் மரக்கட்டையையும் நம்பி அடியில் படுக்காதீர்கள். முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டம், அதன் இரு முனையிலும் ஜாக்கி மாட்டும் இடம், எஞ்சினுக்கு இருபுறமும் முன்னால் கால் போல நீளும் சட்டங்கள், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பூட் தரை: இவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று பேசும். செத்த இரும்பு ஈர அட்டை போல உள்வாங்கும்.

முன் மட்கார்டுக்கு உள்ளே, மேற்புறம், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டத்து செம்மண் அங்கே கட்டியாக அடைந்து, ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகியிருப்பது இந்த இடத்தில்தான். தரைவிரிப்பையும் அதன் கீழுள்ள சணலையும் அன்றே எடுத்து எறியுங்கள். தரைத் தகட்டை அரிப்பது அதுதான். தரையில் ஓட்டை என்றால் கவலை வேண்டாம், தகடு வெட்டி வெல்டிங் செய்யலாம். பின் ஸ்பிரிங் மாட்டும் இடமும் முன் கால்களும் போயிருந்தால், மைனரில் கைப்பழக்கம் உள்ள வெல்டரிடம் காட்டி விலை கேட்ட பிறகே அடுத்த காசைச் செலவழியுங்கள்.

பாடி வேலைக்குக் கொடுக்கும்போது ஒன்று சொல்லி வையுங்கள். பானெட்டின் நடுவில் நீளவாக்கில் தட்டையாக ஒரு பட்டை எழும்பி நிற்கும். அது கோணல் அல்ல. 1948இல் காடி வெளிவருமுன், வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காடியை நடுவில் அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நான்கு அங்குலம்தான் அது. புட்டி போட்டுச் சமமாக்கிவிட்டால் மைனரின் முகமே போய்விடும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த மைனர் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாகம் வாங்கும்போது இது இல்லாமல் நடக்காது. எஞ்சின் எண் 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்று தொடங்கினால் 1962 முதல் வந்த 1098 சிசி. பிந்தியதில் முன் பிரேக் டிரம் 8 அங்குலம், முந்தியதில் 7. பிரேக் சிலிண்டர், லைனிங் எல்லாமே மாறும். எஞ்சினை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் டிரம்மையும் அளந்து பாருங்கள். கதவுத் தூணிலிருந்து கை போல எழும்பும் சிக்னல் இருந்தால் 1961க்கு முந்தியது.

இனி எஞ்சினை விடுவிப்பது. நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி ஆட்டோ கியர் எண்ணெய் (ஏடிஎஃப்) விடுங்கள். ஒரு வாரம், தினமும் ஒரு தேக்கரண்டி சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்த வாரத்தில் ராக்கர் மூடியைத் திறந்து, எட்டு வால்வு ஸ்பிரிங்குகளிலும் எண்ணெய் விடுங்கள். எட்டாம் நாள் கியர் நியூட்ரலில் இருக்க, முன்பக்கமிருந்து கைப்பிடிக் கம்பியைச் செருகி மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் முறியாது. அசையவில்லை என்றால் இன்னொரு வாரம் ஊறட்டும். நீளக் குழாயை மாட்டி நெம்ப வேண்டாம். சுற்ற ஆரம்பித்ததும் வால்வுகளைப் பாருங்கள்: எட்டும் இறங்கி, எட்டும் திரும்பி மேலே வர வேண்டும்.

பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 எண்ணெய் சுமார் 3.7 லிட்டர் விடுங்கள். கியர் பெட்டிக்கும் இதே எண்ணெய்தான், சுமார் 1.3 லிட்டர். கியர் என்றதும் கடையில் கியர் எண்ணெயை எடுத்துக் கொடுப்பார்கள்; அது பின் அச்சுக்கு மட்டும், 90 எண் கொண்டது. வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மில்லிமீட்டர். எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்குக் கணக்கு, இரு எண்களையும் கூட்டினால் ஒன்பது: 8வது வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது 1வது, 7வதுக்கு 2வது, இப்படி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.38, பிளக் இடைவெளி 0.64. வாட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு குட்டி ரப்பர் ஹோஸ் இருக்கும். நடுவழியில் வெடிப்பது அதுதான். பம்பைக் கழற்றும்போதே அதை மாற்றிவிடுங்கள்.

இப்போது பேட்டரி. மைனரில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணையும். உங்கள் மெக்கானிக் இளையவர் என்றால், கை பழகியபடி நெகட்டிவைப் பாடியில் மாட்டிவிடுவார். அப்போதும் ஸ்டார்ட்டர் சரியான பக்கமே சுற்றும், விளக்கு எரியும், எதுவும் தவறாகத் தெரியாது. ஆனால் டைனமோ பேட்டரிக்கு எதிராக மின்சாரம் தள்ளி ரெகுலேட்டரின் முனைகளைக் கருக்கிவிடும். தடித்த பட்டையாகப் பாடியில் போல்ட் போட்டிருக்கும் ஒயர் எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்து, பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக '+' எழுதி வையுங்கள். முந்திய கைகளில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ்; ஹெட்லைட்டும் இக்னிஷனும் அவற்றின் காவலில் இல்லை. எலி கடித்த துணி ஒயர் ஒன்று பாடியில் உரசினால் காடியே எரியும். ஆகவே பேட்டரிக்கு ஒரு துண்டிப்பு ஸ்விட்ச் மாட்டுங்கள். ரேடியோ, கூடுதல் விளக்கு, கூரை கேரியர் என்று அலங்காரச் சாமான் வாங்கும் ஆசை வருமுன் இதை வாங்குங்கள்.

டாங்கியிலுள்ள பெட்ரோலைத் தொடாதீர்கள். அது வார்னிஷ் ஆகியிருக்கும். முதல் ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் டின்னிலிருந்து புது ஹோஸ் வழியாக எஸ்யூ மின் பெட்ரோல் பம்புக்குக் கொடுங்கள். சாவியைத் திருப்பியதும் பம்ப் 'டக் டக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் உள்ளிருக்கும் பாயின்ட் கருத்திருக்கிறது. நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் வழிகிறது. வழிந்தால் உடனே சாவியை அணையுங்கள். கார்புரேட்டருக்கு நேர் கீழே புகைக் குழாய் இருக்கிறது; மிதவை ஊசி ஒட்டிக்கொண்டு பெட்ரோல் சொட்டினால் அது சூடான இரும்பில் விழும். கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இல்லாமல் முதல் ஸ்டார்ட் கூடாது. ஸ்பார்க் பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.

எஞ்சின் ஓடும். இனிதான் பணம் செலவாகும் இடம்: பிரேக்.

மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது) எங்கே என்று புது மெக்கானிக்குகள் எஞ்சின் அருகே தேடுவார்கள். அது ஓட்டுநரின் காலடியில், சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் விடும் மூடி தரைவிரிப்புக்குக் கீழே. விரிப்பில் நின்ற மழைநீர் அந்த மூடி வழியே இறங்கி, சிலிண்டர் உள்ளே பள்ளம் பள்ளமாக அரித்திருக்கும். அதைத் தேய்த்துச் சீல் மட்டும் மாற்றுவதில் பயனில்லை; புதிது போடுங்கள். கழற்றும்போது ஒரு தொல்லை உண்டு: அதன் போல்ட்டுகள் வெளியே வரும் வழியை முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) மறிக்கும். பாரின் இழுவிசையைத் தளர்த்தி நகர்த்தாமல் போல்ட் வராது. திரும்ப மாட்டும்போது போல்ட்டை எதிர்ப் பக்கமிருந்து செருகுங்கள். அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு ஒன்று, ஆக ஆறு சக்கர சிலிண்டர்கள். மூன்று ரப்பர் ஹோஸ்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். மிதித்தால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே சூடாகும். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் போட்டால் நம் ஊர் ஈரத்துக்கு அஞ்ச வேண்டாம். பிரேக் எண்ணெய் டாட் 4. காற்றெடுப்பது மாஸ்டரிலிருந்து தூரமானதில் தொடங்கி: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பிறகு டிரம் துளை வழியே அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை திருப்பி, ஒரு பல் பின்னால் விடுங்கள். முன்னால் சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர் என்பதை மறக்காதீர்கள். ஒன்றை விட்டால் பெடல் பாதி தூரம் காலியாக இறங்கும். இது நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி உள்ள பிரேக். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போகும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் கேபிளையும் சரிபாருங்கள்.

பிரேக்குக்கு அடுத்து முன் சக்கரம் தாங்கும் டிரன்னியன். கீழ்ப்பக்கம் மரை போட்ட ஒரு துண்டு. அதற்குள் செங்குத்து முள் சுழன்றுதான் ஸ்டீயரிங் திரும்புகிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போது முள் நழுவி சக்கரம் மட்கார்டுக்குள் சாயும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்துக்குக் கீழே கம்பி வைத்து மேல் நோக்கி நெம்பிப் பாருங்கள். மேல்-கீழ் ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழும் கிரீஸ் நிப்பிள் உண்டு. சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது அடித்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. தூக்கி வைத்து, புது கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும் வரை அடியுங்கள். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. இதைத் தவறாமல் செய்பவருக்கு டிரன்னியன் பல்லாண்டு வரும்.

டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23வது வாரம். 145ஆர்14 அளவு பொருந்தும்.

பாகங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய காடிகளில் மைனருக்குக் கிடைக்கிற அளவு வெகு சிலவற்றுக்கே கிடைக்கும். பிரிட்டிஷ் காடிகளில் பத்து லட்சத்தை எட்டிய முதல் காடி இது. சக்கர சிலிண்டர் முதல் ஜன்னல் ரப்பர் வரை பிரிட்டனில் இன்னும் புதிதாகச் செய்து தபாலில் அனுப்புகிறார்கள். எஞ்சின் பாகம் சில மினியோடு பொதுவானவை என்பதால் கோலாலம்பூரில் மினி வேலை செய்யும் கடைகளிலும் கேளுங்கள். அம்பாசடர் பாகம் மலிவாக வரும் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வழி வந்தது, எஞ்சின் 1489 சிசி, வேறு குடும்பம். மலேசிய சிங்கப்பூர் பழங்காடிப் பதிவகம் போன்ற சங்கத்தில் சேர்ந்தால், எந்த வெல்டர் மைனர் தரையைச் சரியாகப் போடுவார் என்பது வாய்ச்சொல்லாகக் கிடைக்கும். அதற்கே சந்தா தகும்.

கிராண்ட் வேலையை நாளைக்கே தொடங்குங்கள், ஏனென்றால் அது காடியை விட மெதுவாக நகரும். இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற, நீதிமன்றம், நில அலுவலகம், அமானா ராயா (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) இவற்றில் ஒன்றின் ஆணை ஜேபிஜேக்கு (சாலைப் போக்குவரத்து இலாகா) வேண்டும். கிராண்ட்டிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் காடியிலுள்ளவற்றோடு இன்றே ஒப்பிடுங்கள். அப்பா எஞ்சின் மாற்றியிருந்து எழுதாமல் விட்டிருந்தால், பரிசோதனையில் சிக்குவது அங்கேதான். சேசிஸ் எண் தகட்டின் மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்.